தப்பாகப் படிக்கிற வாத்தியார்

வெள்ளக்கல்மேடு,
நாமக்கல் வட்டம்.
30.6.2024

அயோத்தியாப்பட்டணத்தில் வாத்தியார்களுக்கே பாடம் நடத்தும் என் அக்காள் மகள் மைதிலிக் கண்ணுக்கு, மாமன் ராசப்பன் சொந்தக் கையால் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை கண்ணாத்தாளும் பண்ணைக் கோழிகளும் சுகம். அங்கே உன் தொண்டை எப்படி இருக்கிறது?

இனிமேல் குரல் பதிவு அனுப்பாதீர்கள், எதுவானாலும் கடிதமாக எழுதுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். பயிற்சிக் கூடத்தில் உன் போனை ஒலிபெருக்கியோடு மாட்டி வைத்திருந்தது என் குற்றமா சாமி? அத்தனை வாத்தியார்கள் நடுவில் என் குரல் கணீரென்று ஒலித்திருக்கிறது. அத்தையின் மூட்டுவலித் தைலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் போய்விட்டது, அவ்வளவுதான். போகட்டும். கடிதம் எனக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டு போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு ஏஜெண்டாக மத்தியப்பிரதேசத்தில் கிடந்தபோது நான் ஊருக்குப் போட்ட கடிதங்களைத் தபால்காரரே முதலில் ஒருமுறை படித்துவிட்டுத்தான் வீட்டில் கொடுப்பார். எட்டாவதோடு நான் படிப்பை நிறுத்தியபோது தமிழ் வாத்தியார் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் சம்சாரமே சொல்லியிருக்கிறது.

இப்போது விஷயம். உன்னிடம் அங்கே பயிற்சி எடுத்த நவீன்குமார் என்ற வாத்தியார் எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளிக்கு மாற்றலாகி வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்து போர் மோட்டார் மக்கர் பண்ணுகிறது என்று தலைமையாசிரியர் அருணகிரி என்னைக் கூப்பிட்டிருந்தார். இந்த வட்டாரத்தில் மோட்டாரின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்கிறவன் நான் ஒருவன்தானே. போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்து ஐந்தாம் வகுப்பில் ஒரு குரல்: "முயல் தோகை விரித்து ஆடியது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முயலுக்கு ஏது தோகை? கேட்டுவிட வேண்டியதுதான் என்று ஸ்பேனரோடு எழுந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பிள்ளை, "சார், தப்புங் சார். அது மயிலு" என்றது.

யார் என்று நினைக்கிறாய்? பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் அஜீஸுன்னிசாவின் மகள் கௌசியா. படிக்கச் சொன்னால் தரையைப் பார்த்து நிற்கும், கண் நிறைந்துவிடும், வாய் மட்டும் திறக்காது. அந்தப் பிள்ளை.

"எங்க தப்பு? வந்து காட்டு பாக்கலாம்" என்றார் வாத்தியார். அது கரும்பலகைக்குப் போய், அங்கே எழுதியிருந்த பாடத்தின் முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தது. "இங்கங் சார். மு இல்ல, ம." வாத்தியார் தலையைச் சொறிந்துகொண்டு, "அட ஆமா" என்றார். வகுப்பே குதித்தது.

வெளியே வந்தவரைப் பிடித்தேன். "ஏனுங் தம்பி, மயிலு தெரியாதுங்களா உங்களுக்கு?"

"தெரியுமுங்க. தெரியாத மாதிரி படிக்கோணும்னு மைதிலி மேடம் சொல்லிக் குடுத்தாங்க. படின்னு சொன்னா பயப்படற புள்ளைங்க, வாத்தியாரு தப்பைக் கண்டுபுடின்னா ஒவ்வொரு எழுத்தாத் தேடுவாங்க. அந்தத் தேடறதுதானுங்க படிப்பு."

எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், படிப்பு வராத பிள்ளைக்கு என் அக்காள் மகள் மருந்து கண்டுபிடித்துவிட்டாள், ஒரே வாரத்தில் பலன் என்று. பக்கத்துப் பள்ளி வாத்தியார்களைக் கூட்டி இங்கே ஒரு செயல்விளக்கம் வைக்கப்போகிறாயாமே. ஏற்பாடெல்லாம் மாமன் பொறுப்பு. நீ வந்து நின்றால் போதும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
வெ. ராசப்பன்
(முட்டைப் பண்ணை அதிபர், நிலத்தடி நீர் ஆலோசகர், கல்வி ஆர்வலர்)


அயோத்தியாப்பட்டணம்,
5.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் வந்தது. அத்தையை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். கௌசியாவைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். அந்த ஒரு பத்திக்காக உங்களை எல்லாவற்றுக்கும் மன்னிக்கலாம் போலிருந்தது. அடுத்த பத்தியில் ஒரே வாரத்தில் பலன் என்று போட்டுவிட்டீர்கள்.

மாமா, இது மருந்து இல்லை. நான் கண்டுபிடித்ததும் இல்லை. எத்தனையோ பேர் எங்கெங்கோ செய்து பார்த்ததை எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருக்கிறேன். அதைக்கூடச் செய்ய ஆள் கிடைக்கவில்லை. பயிற்சி என்றால் என்ன நடக்கிறது தெரியுமா? வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்து செயலியில் விவரம் ஏற்றுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மாலைக்குள் ஏற்றாவிட்டால் அவர்களுக்குத்தான் திட்டு. நான் கேட்பவர் இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம் ஒரு மூத்த ஆசிரியர் எழுந்து, "ஏம்மா, நான் தப்பாப் படிச்சுக் காட்டினா நாளைக்கு நான் சரியாப் படிக்கிறதையும் பசங்க நம்பமாட்டானுங்களே" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அல்ல, அவருக்கு.

பிள்ளைகள் முன்னால் தப்புச் செய்வது ஆசிரியர்களுக்குச் சட்டையைக் கழற்றி நிற்பது மாதிரி இருக்கிறது. கூட்டத்தில் தலையாட்டியவர்களில் வகுப்புக்குப் போய் நிஜமாகச் செய்தவர் நவீன்குமார் ஒருவர்தான். 20ஆம் தேதி சனிக்கிழமை அவர் வகுப்பை மற்ற ஆசிரியர்கள் நேரில் பார்த்துவிட்டால் அவர்களில் சிலராவது செய்வார்கள். இல்லையென்றால் காட்டுவதற்கு என்னிடம் வேறு வகுப்பு கிடையாது. இந்த முறையே அத்தோடு சரி.

அதனால் தெளிவாக எழுதுகிறேன். வகுப்பறையில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் மட்டும்தான் இருக்க வேண்டும். பெற்றோர் வேண்டாம், மேடை வேண்டாம், பிளக்ஸ் வேண்டாம். ஆசிரியர்களுக்கு மதியச் சாப்பாடு மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டால் பெரிய உதவி.

அன்புடன்,
மைதிலி


வெள்ளக்கல்மேடு,
21.7.2024

வெற்றிமேல் வெற்றி பெற்ற மைதிலிக் கண்ணுக்கு மாமன் எழுதுவது.

கடைசி நேரத்தில் சேலத்தில் அவசரக் கூட்டம் என்று உன்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்களாம். நவீன்குமார் சொன்னபோது முகம் செத்துப்போயிருந்தது. "மேடம் இல்லாம வேண்டாமுங்க, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்" என்றார். எப்படி விடமுடியும்? குஸ்காவுக்கு அடுப்பு மூட்டியாகிவிட்டது. நீ இல்லாத குறை தெரியாமல் நான் நின்று நடத்தினேன்.

பிளக்ஸ் வேண்டாம் என்றாய். பெரிதாக வைக்கவில்லை, வாசலில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று. உன் கல்யாணத்துப் படம், பக்கத்தில் அடக்கமாக நான். பெற்றோரையும் நான் அழைக்கவில்லை. மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம் என்றுதான் நாலு பேரிடம் சொன்னேன். அவர்களாக வந்துவிட்டார்கள். ஜன்னல் கம்பியெல்லாம் ஆள். ஒரு பாத்திரக்கடைக்காரர் நாமக்கல்லில் இருக்கும் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்.

அருணகிரி வாத்தியார் என்னை ஓரமாக இழுத்தார். "ஏனுங் ராசப்பன், டீச்சருங்களுக்கு மட்டும்னு சொன்னாங்க, ஊரே வந்து நிக்குது?"

"கூட்டம் கூடினாத்தானுங் சார் நிகழ்ச்சி."

"நிகழ்ச்சிதான். நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தவர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

நவீன்குமார் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி நின்றார். "தம்பி, நானிருக்கறனில்ல, அடிச்சு உடுங்க" என்று தட்டிக்கொடுத்தேன். ஆரம்பித்தார். முயல் தோகை விரித்தது என்றதும் ஜன்னல் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்தது பார், கூரை அதிர்ந்தது. கௌசியா கையைத் தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது. சத்தத்தில் அது சொன்னது கேட்கவில்லை. ஆனால் சொன்னது. நான் பார்த்தேன். அப்புறம் வாத்தியார் என்னென்னவோ படித்தார், பிள்ளைகள் திருத்தினார்கள், நடுவில் நானும் எழுந்து கல்வியைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். பாதியில் யாரும் எழுந்து போகவில்லை. சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

எல்லாவற்றையும் போனில் பிடித்துவிட்டேன். ஆனால் நீளம். இந்தக் காலத்தில் நீளமாக எவன் பார்க்கிறான்? அதனால் நானே உட்கார்ந்து வெட்டினேன். வாத்தியார் தப்புத் தப்பாகப் படிக்கும் இடங்களை மட்டும் ஒட்டுக்காகச் சேர்த்து, "முயலுக்குத் தோகை முளைத்த பள்ளிக்கூடம், கண்டு மகிழுங்கள்" என்று தலைப்புப் போட்டு நம் சொந்தக்காரர் குழு, முட்டை வியாபாரிகள் குழு, பழைய ரிக் ஏஜெண்டுகள் குழு எல்லாவற்றிலும் விட்டேன். முதலில் சிரிக்க வைத்துக் கூப்பிட வேண்டும், பிறகு விளக்க வேண்டும். விளக்கத்துக்கு என் பேச்சு இருக்கிறது. அது பெரிய கோப்பு, போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

நேற்று இரவு போட்டது, இன்று காலையில் ஈரோட்டிலிருந்து எனக்கே திரும்பி வந்துவிட்டது. உன் புகழைப் பரப்ப மாமனை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இப்படிக்கு,
செயல்விளக்க விழாக் குழுத் தலைவர்,
உன் மாமன் ராசப்பன்


அயோத்தியாப்பட்டணம்,
25.7.2024

மாமா,

அந்த வீடியோ எனக்கு உங்களிடமிருந்து வரவில்லை. ஆத்தூர்ப் பக்கம் பயிற்சிக்கு வந்த ஆசிரியர் ஒருவர் என்னிடமே காட்டி, "இப்படியும் ஒரு வாத்தியார் இருக்கிறார் பாருங்கள் மேடம்" என்று சிரித்தார். கீழே யாரோ மாற்றி எழுதியிருக்கிறார்கள்: "ஐந்தாம் வகுப்புப் பாடம் படிக்கத் தெரியாதவருக்கு அரசாங்கச் சம்பளம்." உங்கள் தலைப்பு போன இடம் தெரியவில்லை. வெட்டிய வீடியோ மட்டும் அப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

நவீன்குமாருக்கு விளக்கம் கேட்டு ஆணை வந்திருக்கிறது. விசாரணை முடியும்வரை அவர் வகுப்பு எடுக்கக் கூடாது. அலுவலக அறையில் உட்கார்ந்து விவரம் ஏற்றுகிறார். ஐந்தாம் வகுப்பைத் தலைமையாசிரியர் எடுக்கிறார்.

நான் கல்வி அலுவலகத்தில் பேசிப் பார்த்தேன். நான்தான் இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தேன் என்றேன். "அப்படியென்றால் நீங்களும் சம்பந்தப்பட்டவர், உங்கள் சாட்சி எடுபடாது. எழுத்துமூலம் அனுமதி வாங்கினீர்களா?" என்று கேட்டார்கள். வாங்கவில்லை. அன்று வந்திருந்த ஆசிரியர்களைக் கேட்டால் எங்களுக்கு எதற்கு வம்பு என்கிறார்கள். அருணகிரி சார், "அப்பவே சொன்னேனே" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் சொன்னால், சொல்லிக்கொடுத்துச் சொல்கிறார்கள் என்பார்களாம்.

முழு வீடியோ உங்களிடம் இருக்கும். கௌசியா கையைத் தூக்கியது, பிள்ளைகள் திருத்தியது, அவர் ஒத்துக்கொண்டது எல்லாம் அதில் இருக்கும். அதை உடனே அனுப்புங்கள். அவர் வேண்டுமென்றேதான் தப்பாகப் படித்தார் என்று இதுவரை யார் யாருக்கு அனுப்பினீர்களோ அத்தனை பேரிடமும் சொல்லுங்கள்.

எங்கள் ஆசிரியர்களை ஒரு தப்புச் செய்ய வைக்க இரண்டு வருடம் கெஞ்சினேன். ஒருவர் செய்தார். அவருக்கு என்ன ஆனது என்று மற்ற எல்லோரும் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மைதிலி


வெள்ளக்கல்மேடு,
4.8.2024

மைதிலிக் கண்ணுக்கு மாமன் எழுதுவது.

நீ அன்புள்ள என்றுகூடப் போடாமல் மாமா என்று மட்டும் ஆரம்பித்து எழுதியிருந்ததை அத்தையும் படித்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

முழு வீடியோ இல்லை கண்ணு. போனில் இடம் பற்றவில்லை என்று அழித்துவிட்டேன். என் பேச்சு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

சொல்லச் சொன்னாய். சொல்லாத இடம் இல்லை. பண்ணைக்குத் தீவனம் கொண்டுவருகிறவனிலிருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லிவிட்டேன். ஒருவனும் நம்பமாட்டேன் என்கிறான். டீக்கடையில் லாரி பாடி பட்டறைக் கலையரசன் உட்கார்ந்திருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத ஆள்.

"அட கலையரசா, அந்த வாத்தியாரு வேணும்னேதான் தப்பாப் படிச்சாரு. அது ஒரு படிப்பு முறை."

"அப்படீங்களா? போன மாசம் உங்க போர்ல தண்ணி தென்னை மரம் ஒசரத்துக்குப் பீச்சி அடிச்சுதுன்னீங்க. அதும் ஒரு முறைங்களா?"

கடையே சிரித்தது. எனக்குக் கோபம். "அந்த வாத்தியாருத் தம்பி தமிழ்ல தங்கப் பதக்கம் தெரியுமா உனக்கு? ஏழு மொழி பேசுவாரு. மயிலு தெரியாதா அவருக்கு?" என்று கேட்டுவிட்டேன். நம்ப வைக்கத்தானே சொன்னேன். சாயங்காலத்துக்குள் அது குழுவில் வந்துவிட்டது: "ஏழு மொழியிலும் முயலுக்குத் தோகை உண்டாம்." இப்போது அவருக்கு முயல் வாத்தியார் என்றே பேர். ரோட்டில் பையன்கள் கூப்பிட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

நேற்று அவர் பைக்கை மறித்து நின்றேன். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

"தம்பி, நான் எல்லாத்துகிட்டயும் சொல்லீட்டுத்தான் இருக்கறேன்."

"தெரியுதுங்க. தயவு பண்ணி நிறுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கத்தியிருந்தால் தேவலை.

அஜீஸுன்னிசா கடையில் வெற்றிலை வாங்கப் போனேன். அருணகிரி வாத்தியார் பாடத்தை ஒரே மூச்சில் தப்பில்லாமல் படித்துவிட்டுப் பலகையை அழித்துவிடுகிறாராம். "எம்புள்ள மறுக்காத் தரையப் பாக்க ஆரம்பிச்சுட்டாண்ணே" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. பாக்கு மடித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னது.

எனக்கு ஒன்று புரியவில்லை. நான் பொய் சொன்னபோதெல்லாம் இந்த ஊர் வாயைப் பிளந்து கேட்டது. உண்மை சொன்னால் சிரிக்கிறது.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வீடியோ எடுத்தவன் என்ற முறையில். வாக்குமூலம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதினேன். பார்த்து அனுப்பு. பாராட்டு ஏதும் வேண்டாம்.

இப்படிக்கு,
மாமன் ராசப்பன்


அயோத்தியாப்பட்டணம்,
9.8.2024

மாமா,

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதில் நவீன்குமார் தங்கப் பதக்கம் வாங்குகிறார், டெல்லியில் பேசுகிறார், ஒரு பிள்ளைக்குக் கண்பார்வைகூட வருகிறது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவருக்கு வேலை போய்விடும்.

நவீன்குமார் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "உங்க மாமா வராம இருந்தாப் போதும் மேடம்." ஆனால் அழைப்பு வந்திருப்பதால் நீங்கள் போயாக வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவ்வளவுதான் உங்களிடம் நான் கேட்பது. உங்களால் முடியாது என்றும் எனக்குத் தெரியும்.

இங்கே என் பயிற்சிகள் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பழைய கையேட்டைப் பிரதி எடுத்து விநியோகிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். செய்துகொண்டிருக்கிறேன்.

கொஞ்ச காலத்துக்கு எனக்கு எழுத வேண்டாம். அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மைதிலி


வெள்ளக்கல்மேடு,
1.9.2024

மைதிலிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். பதில் போட வேண்டாம்.

விசாரணை நாமக்கல்லில் நடந்தது. விசாரிக்கிற அதிகாரியாக ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் எழுதுகிறவர். நவீன்குமார் எதிர் நாற்காலியில். அருணகிரி வாத்தியாரும் வந்திருந்தார். உள்ளே போகும்போதே எழுதுகிறவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கும் என்னைத் தெரிந்திருக்கிறது.

வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். சின்ன அறையில் அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. நவீன்குமார் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது நீங்க எடுத்ததுங்களா?"

"ஆமாங்க."

"புள்ளைங்க திருத்துனாங்கன்னு இவரு சொல்றாரு. இதுல ஒரு புள்ளை கூடத் திருத்தலையே?"

"திருத்துனாங்கங்க. நான் வெட்டிப்போட்டேன்."

"ஏன் வெட்டுனீங்க?"

நிறையச் சொல்லலாம் என்று இருந்தது கண்ணு. போன் கோளாறு என்று சொல்லலாம். யாரோ கேட்டார்கள் என்று சொல்லலாம். நீ எழுதியது நினைவுக்கு வந்தது.

"அது இருந்தா யாரும் சிரிக்கமாட்டாங்கங்க. நான் போடறதை நாலு பேரு பாக்கோணும்னு வெட்டுனேன்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். எழுதுகிறவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"அன்னிக்கு அவ்வளவு கூட்டம் வந்தது யாரு கூப்பிட்டு?"

"நான் கூப்பிட்டுத்தானுங்க. வேண்டாம்னு வாத்தியாரு சொன்னாரு. எங்க அக்கா புள்ளையும் எழுதியிருந்துச்சு."

"இன்னும் ஏதாச்சும் சொல்லோணுங்களா?"

"இல்லீங்க."

அருணகிரி வாத்தியாரையும் கேட்டார்கள். அவர், "புள்ளைங்க திருத்துனது நெசந்தானுங்க மேடம். நான் அங்கதான் இருந்தேன்" என்றார்.

நவீன்குமார் மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். மறுபடி வகுப்பெடுக்கலாம். ஆனால் அனுமதி இல்லாத முறை எதையும் வகுப்பில் செய்யக் கூடாது என்று எழுத்தில் எச்சரிக்கை. உனக்கும் அது தெரிந்திருக்கும். படியில் இறங்கும்போது அவரிடம் ஏதாவது சொல்லலாம் என்று நின்றேன். என்னைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பார்க்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

மீதியை அஜீஸுன்னிசா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது தன் மகள் சொன்னதைச் சொன்னது. நான் எதையும் சேர்க்கவில்லை.

வகுப்புக்குத் திரும்பி வந்தவர் பாடத்தை எடுத்து ஒரு எழுத்துப் பிசகாமல் படித்தாராம். பிள்ளைகள் எல்லாம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், எப்போது வரும் என்று. வரவே இல்லை. மறுநாளும் அப்படியே. கௌசியா வீட்டுக்கு வந்து, "சாருக்கு இப்ப எல்லாம் தெரிஞ்சுபோச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டதாம்.

போன வியாழக்கிழமை யானைப் பாடம். இரண்டு வரி சரியாகப் படித்திருக்கிறார். அப்புறம் நிறுத்திவிட்டு ஜன்னலைச் சாத்தினாராம். வராந்தாவில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாராம். பலகைக்குத் திரும்பி வந்து, மெதுவான குரலில், "பூனை தும்பிக்கையால் தண்ணீர் குடித்தது" என்று படித்தாராம்.

கௌசியாவும் எழுந்து போய், அவரை மாதிரியே மெதுவாகத்தான் சொன்னதாம்.

அத்தையிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

காலையில் டீக்கடையில் கலையரசன் கேட்டான். "ஏனுங்க, உங்க முயல் வாத்தியாரு இப்ப எப்படிப் படிக்கிறாருங்க?"

"இப்பெல்லாம் ஒரு தப்பு இல்லாமத்தான் படிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ராசப்பன்